துளி நீரில் உயிரைக் கண்ட குருவானவர்: லாசரோ ஸ்பலன்சானி



மழை ஓய்ந்து பல வாரங்களான பின் உங்கள் வீட்டுக் கூரைப் பீலியில் ஒரு பிடி காய்ந்த மண் படிந்திருக்கும். தள்ளி எறிய வேண்டிய குப்பை என்றுதான் அதை நினைப்பீர்கள். அதில் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு கண்ணாடித் தட்டில் இட்டு, சுத்தமான நீர் ஒரு துளி விட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துச் சற்றுப் பொறுத்திருந்து பாருங்கள். முதலில் மணல் மட்டுமே தெரியும். நேரம் செல்லச் செல்ல, மணலோடு மணலாய்ச் சுருண்டு கிடந்த ஒரு துகள் மெல்ல வீங்கும், பின் நீளும், அதன் தலைப் பக்கத்தில் இரண்டு சிறு சில்லுகள் சுழல்வது போன்ற அசைவு தோன்றும். செத்துக் காய்ந்த தூசி என்று நீங்கள் எண்ணிய அது, இப்போது இரை தேடி நீந்தும்.

இக்காட்சியை முதலில் கண்டவர் ஒல்லாந்து நாட்டவரான லேவன்ஹூக், ஆண்டு 1702. ஆனால் அதைக் கண்டு வியந்ததோடு நில்லாமல், அதே பிராணிகளை உலர்த்தி நனைத்து, மீண்டும் உலர்த்தி நனைத்து, இவ்வாறு பதினொரு தடவை வரை உயிர் மீளக் கண்டவர் ஒரு கத்தோலிக்க குரு. அவருடைய பெயர் லாசரோ ஸ்பலன்சானி. லாசரோ என்பது நமது லாசருவின் பெயரே. நான்கு நாட் கல்லறையில் கிடந்து எழுந்தவரின் பெயரைத் தாங்கிய ஒருவருக்கு இப்படியொரு ஆராய்ச்சி வாய்த்தது தற்செயலே என்றாலும், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஸ்பலன்சானி 1729ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வட இத்தாலியில் மோடேனாவுக்கு அண்மையிலுள்ள ஸ்கண்டியானோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஒரு சட்டத்தரணி. மகனும் தம் தொழிலையே பின்பற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். பதினைந்து வயதளவில் ரெஜியோ நகரில் இயேசு சபையினரின் கல்லூரியிற் சேர்ந்த சிறுவன், கிரேக்கம், இலத்தீன், தத்துவம் ஆகியவற்றில் மிக நன்றாகத் தேறினான். அச்சபையிற் சேர அவனுக்கு அழைப்பும் கிடைத்தது; ஆயினும் அவன் சேரவில்லை. தந்தையாரின் சொற்படி 1749இல் பொலோஞா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் படிக்கச் சென்றான்.

அங்கேதான் அவருடைய வாழ்க்கை திசை திரும்பியது. திருப்பியவர் ஒரு பெண்மணி. அவருடைய உறவினரான லாவுரா பஸ்ஸி, பொலோஞாப் பல்கலைக்கழகத்தில் 1732ஆம் ஆண்டிலேயே பேராசிரியை என்ற நிலையை அடைந்தவர், பௌதிகம் கற்பித்தவர், அதே வேளையில் பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். பெண் பிள்ளைகளைப் படிப்பித்து என்ன காணப் போகிறோம் என்று கேட்போர் நம்மிடையே இன்னும் இருப்பார்களாயின், அவர்கள் இந்தப் பெயரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். இவருடைய வீட்டிலும் வகுப்பிலும் இருந்து கற்ற இளைஞருக்குச் சட்டப் புத்தகங்கள் கசந்தன. பதுவா நகரப் பேராசிரியர் வல்லிஸ்நேரி தந்தையாரிடம் பரிந்து பேசினார், தந்தையாரும் இணங்கினார். ஸ்பலன்சானி இயற்கை விஞ்ஞானத்தைக் கற்றார். பின்னர் குருப்பட்டமும் பெற்றார். ஆபே ஸ்பலன்சானி என்றே ஐரோப்பிய விஞ்ஞானிகள் அவரைக் குறிப்பிடலாயினர். ரெஜியோவிலும், 1763 முதல் மோடேனாவிலும், 1769 முதல் பாவியா பல்கலைக்கழகத்திலும் அவர் கற்பித்தார்.

அவர் ஏன் நுணுக்குக்காட்டியைக் கையிலெடுத்தார் என்பதை விளங்கிக்கொள்ள, அக்காலத்து அறிஞரைப் பிரித்து வைத்திருந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அழுகிய இறைச்சியிலிருந்து புழு தானாகவே பிறக்கிறது, சேற்றிலிருந்து தவளை பிறக்கிறது என்பது பண்டைக் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. 1668இல் இத்தாலிய மருத்துவர் ரெடி, இறைச்சியை மெல்லிய துணியால் மூடி வைத்து, ஈ மொய்க்காத இறைச்சியிற் புழு உண்டாவதில்லை என்று காட்டினார். அத்தோடு வழக்கு முடிந்திருக்கலாம். ஆனால் 1674இல் லேவன்ஹூக் ஏரி நீரில் கண்ணுக்குப் புலப்படாத பிராணிகளைக் கண்டபோது அது புதிதாய்த் தொடங்கியது. புழுவுக்குத் தாய் ஈ என்றால், இந்தப் பொடியன்களுக்குத் தாய் யார்? வைக்கோலை நீரில் ஊறவிட்டால் சில நாளில் அந்நீரில் ஆயிரமாயிரம் பிராணிகள் நீந்துகின்றன. அவை எங்கிருந்து வந்தன?

இதற்கு விடை காண விரும்புகிறவர் அவற்றை உயிரோடு பார்க்க வேண்டும். அது எவ்வளவு கடினம் என்பதை, பாடசாலை ஆய்வுகூடத்தில் வைக்கோல் ஊறலைப் பார்க்க முயன்ற உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். செத்த ஈயின் சிறகையோ மரத்தின் மெல்லிய சீவலையோ பார்ப்பது சுலபம். அது வைத்த இடத்திலேயே கிடக்கும். நீர்த்துளியோ கண்ணெதிரே காய்ந்துகொண்டு போகும். வெளிச்சம் போதாது என்று வெயிலில் பிடித்தால் இன்னும் விரைவாய்க் காயும். சூட்டினால் உள்ளே உள்ளவை சாகும். துளி தடிப்பாக இருந்தால் பிராணி மேலும் கீழும் போய் வில்லையின் குவியத்திலிருந்து மறையும். மெல்லியதாக இருந்தாலோ அது நசுங்கும். அதற்கு மேலாக, அப்பிராணிகள் கண்ணாடி போன்றவை. நீருக்கும் அவற்றுக்கும் நிற வேற்றுமை இல்லை. இன்றைய நாளில் இக்குறையை நீக்குவதற்கு வேறு வகை நுணுக்குக்காட்டி உண்டு. நெதர்லாந்துக்காரரான சேர்னிகே 1930களில் கண்டறிந்த அந்த முறைக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்பலன்சானியின் காலத்திலோ நிறம் சிதறாத நல்ல வில்லை கூட வரவில்லை. பல வில்லைகளைச் சேர்த்த கருவிகள் காட்சியின் ஓரங்களில் வானவில்லைத்தான் காட்டின. இவ்வளவு குறையோடு அவர் பார்த்தவற்றை நினைக்கும்போது, கருவியை விடப் பொறுமையே பெரிதாயிருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

வழக்கின் மறுபக்கத்தில் நின்றவரும் ஒரு குருவே. இலண்டனிற் பிறந்த யோன் நீடாம் சுவாமி. 1743இல் இவர் பழுதான கோதுமை மணிகளைப் பிளந்து நீர் விட்டபோது, உள்ளே இருந்த வெண்மையான நார்கள் புழுக்களாய் நெளிந்ததைக் கண்டவர், நல்ல கண்ணுடையவர். ஆட்டிறைச்சிச் சாற்றைச் சூடாக்கி, போத்தலில் ஊற்றி, தக்கையால் இறுக மூடிப் பிசின் பூசி, அதைச் சாம்பற் சூட்டிலும் வைத்து எடுத்தார். சில நாட்களில் திறந்து பார்த்தபோது சாறு முழுவதும் நுண்ணிய பிராணிகள். சூடு எல்லாவற்றையும் கொன்றிருக்கும். ஆகையால் இவை சாற்றிலேயே உள்ள ஒரு வளர்ப்புச் சக்தியினாற் பிறந்தவை என்று 1748இல் எழுதினார். பிரான்சின் பெரிய விஞ்ஞானி பூஃபோன் அவரோடு சேர்ந்துகொண்டார்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். உயிர் தானாய்ப் பிறக்கிறது என்று சொன்னவர்கள் விசுவாசமற்றவர்கள், மறுத்தவர்களே விசுவாசிகள் என்று பலர் இன்றும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. புனித அகுஸ்தீனாரும் புனித தோமஸ் அக்குவினாசும் அழுகிய பொருளிலிருந்து சிறு பிராணிகள் உண்டாகும் என்பதை ஏற்றவர்களே. அதனால் அவர்களுடைய விசுவாசத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. நீடாம் சுவாமியும் பக்தியுள்ள குருவே. அவரை நாத்திகத்துக்கு வழி திறப்பவர் என்று எள்ளி நகையாடியவர் வோல்தேயர்; அவரை அயர்லாந்து யேசுசபைக்காரர் என்றும் எழுதினார். நீடாம் அயர்லாந்துக்காரரும் அல்லர், அச்சபையினரும் அல்லர். ஸ்பலன்சானி அவரைப் பரிகசிக்கவில்லை. அவர் செய்த பரிசோதனையைத் தாமும் செய்து பார்த்தார்.

அவருக்கு உண்டான ஐயங்கள் இரண்டு. நீடாம் போதிய நேரம் சூடாக்கினாரா? தக்கை உண்மையிலேயே வளியைத் தடுத்ததா? தக்கையில் எத்தனை நுண்ணிய துளைகள் உண்டு என்பதை நீங்கள் ஒரு பழைய போத்தல் மூடியைப் பிளந்தே காணலாம். ஸ்பலன்சானி தக்கையை அறவே விட்டார். வித்துகளும் நீரும் இட்ட கண்ணாடிக் குடுவையின் கழுத்தை நெருப்புச் சுவாலையில் உருக்கி, கண்ணாடியாலேயே வாயை அடைத்தார். பின் அந்தக் குடுவைகளைக் கொதிநீரில் வைத்தார். சிலவற்றை அரை நிமிடம், சிலவற்றைச் சில நிமிடங்கள், சிலவற்றை ஒரு மணித்தியாலம். சில நாள் கழித்து ஒவ்வொன்றாய் உடைத்து, ஒவ்வொரு துளியாய் வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தார். குறைந்த நேரம் கொதித்தவற்றில், பெரிய பிராணிகள் இல்லை. மிகச் சிறியவை இருந்தன. ஒரு மணித்தியாலம் கொதித்தவற்றில் ஒன்றுமே இல்லை. பெரியவை அரை நிமிடக் கொதிப்பிலேயே அழிகின்றன, சிறியவற்றில் சில நெடுநேரம் தாங்குகின்றன என்பதும் இதனால் வெளிப்பட்டது. இது 1765இல் நூலாய் வந்தது. சிறியவை ஏன் தாங்கின என்பது அவருக்குத் தெரியவில்லை. சில பற்றீரியாக்கள் தடித்த உறையுள்ள வித்திகளாக மாறிக் கொதிநீரையும் பொறுக்கும் என்பதை 1876இல் ஜேர்மனியரான கோன் கண்ட பிறகே அது விளங்கியது.

நீடாம் சுவாமி கோபிக்கவில்லை. ஸ்பலன்சானியின் நூல் 1769இல் பிரெஞ்சு மொழியில் வந்தபோது அதற்குத் தம்முடைய குறிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தார். அவருடைய மறுப்பு இது: ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்ததால், வித்துகளிலிருந்த வளர்ப்புச் சக்தி அழிந்துவிட்டது, குடுவைக்குள் இருந்த வளியும் கெட்டுவிட்டது, பின் எப்படி உயிர் தோன்றும்?

சண்டைக்காரன் இதற்குச் சொல்லால் விடை சொல்வான். ஸ்பலன்சானியோ மீண்டும் அடுப்பை மூட்டினார். அவரை, பார்லி, சோளம் முதலிய வித்துகளை அரை மணித்தியாலம் முதல் இரண்டு மணித்தியாலம் வரை அவித்து, இம்முறை உருக்கி மூடாமல் தக்கையை மட்டும் வைத்து விட்டுவிட்டார். சக்தி சூட்டினால் அழிவதானால் அதிகம் அவிந்தவற்றில் உயிர் குறைவாய் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் பிராணிகள் நிறைந்திருந்தன. வித்துகளைக் கருகும்வரை வறுத்தும் பார்த்தார். அவற்றின் ஊறலிலும் பிராணிகள். ஆகவே சக்தி என்பது சும்மா ஒரு பேச்சு. ஆனால் வளியைப் பற்றிய மறுப்பை அவர் எளிதாய்த் தள்ளவில்லை. தம் குடுவை ஒன்றின் முனையை மெழுகுதிரிச் சுடருக்கு அருகே உடைத்தபோது, சுடர் குடுவைக்குள் இழுபட்டது. உள்ளே வளி குறைந்திருக்கிறது! உருக்கி மூடும்போது நெருப்பு வளியை வெளியே துரத்தியிருக்கிறது. நீடாம் சொன்னதில் ஏதோ இருக்கிறது. எதிராளிக்குச் சாதகமான ஒரு அடையாளத்தைத் தாமே தேடிக் கண்டு, அதைத் தாமே எழுதி வைக்கும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. குடுவையின் கழுத்தை மயிர் போல மெலிதாய் இழுத்து, ஒரு கணத்தில் உருகி அடைபடுமாறு செய்து, பரிசோதனையைத் திரும்பவும் நடத்தினார். வளி குறையவில்லை, நெடுநேரம் கொதித்த நீரில் உயிர் தோன்றவுமில்லை. 1776இல் இவற்றையெல்லாம் வெளியிட்டார். வழக்கு முற்றாய்த் தீர்ந்தது 1860களில், பிரான்சில் லூயி பாஸ்டரின் கையில். ஆனால் பாதி வழியைச் சமைத்து வைத்தவர் இவரே.

இனி, நுணுக்குக்காட்டி வேலையில் அவர் செய்த மிக அழகான காரியத்தைக் கேளுங்கள். எனக்கு அவருடைய குடுவைகளை விட இதுவே பிடித்தது.

பிராணிகள் தாமாகத் தோன்றவில்லை என்றால், எப்படிப் பெருகுகின்றன? ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்பவர், ஒரு பிராணி நடுவில் ஒடுங்கி இரண்டாய்ப் பிரிவதைக் கண்டார். இல்லை, அவை நீந்தும்போது ஒன்றோடொன்று மோதிக் கிழிகின்றன என்று இங்கிலாந்தில் எல்லிஸ் என்பவர் மறுத்தார். துளிக்குள் நூற்றுக்கணக்கில் ஓடித் திரியும்போது யார் சொல்வது சரி என்று எப்படி அறிவது? ஒரே ஒரு பிராணியைத் தனியே பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத ஒன்றை எந்தக் குறட்டால் பிடிப்பது?

ஸ்பலன்சானி பிடிக்கவில்லை, அதைத் தானே வரச் செய்தார். கண்ணாடித் தட்டின் மேல் பிராணிகள் நிறைந்த ஊறலில் ஒரு துளி வைத்தார். அதற்குச் சற்றுத் தள்ளி, பிராணி எதுவும் இல்லாத வடித்த நீரில் ஒரு துளி. ஊசி முனையால் முதற் துளியைத் தொட்டு, இரண்டாவது வரைக்கும் ஒரு மெல்லிய நீர்க் கோடு இழுத்தார். இப்போது இரண்டு குளங்களுக்கிடையே ஒரு வாய்க்கால். வில்லையில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு பிராணி வாய்க்காலில் நுழைந்து மெல்ல அப்புறம் போய்ச் சேர்ந்தது. உடனே ஒரு தூரிகையால் வாய்க்காலைத் துடைத்துவிட்டார். சுத்தமான துளியில் ஒரே ஒரு பிராணி. மோதுவதற்கு வேறு ஆளே இல்லை. அவர் இருந்து பார்த்தார். நீண்டிருந்த அதன் உடல் நடுவில் ஒடுங்கியது, இழை போல மெலிந்தது, அறுந்தது. இரண்டு பிராணிகள், இரண்டும் சுகமாய் நீந்தின. பின்னர் அவை நான்காயின. எல்லிஸ் சொன்னது தவறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு நுண்ணங்கியைத் தனித்தெடுத்து அதன் சந்ததியைப் பார்ப்பது இன்று ஆய்வுகூடங்களில் அன்றாட வேலை. அவரிடம் இருந்தவை ஓர் ஊசி, ஒரு தூரிகை, இரண்டு துளி நீர்.

மற்றொரு பரிசோதனையில், கண்ணாடியை உருக்கி மயிர் போன்ற குழாய்களாய் இழுத்து, அவற்றுள் ஊறலை ஏற்றி, பம்பியால் வளியை உறிஞ்சி எடுத்து முனையை மூடினார். குழாயின் சுவரூடாகவே வில்லையால் பார்க்கலாம். துளி காயாது, வளியும் புகாது. வளி இல்லாவிட்டால் உடனே சாகும் என்று எதிர்பார்த்தவை பல நாள் உயிரோடு திரிந்தன. வளியின்றி வாழும் உயிர்களைப் பற்றி பாஸ்டர் எழுதியது 1861இல் என்பதை நினைத்தால், இது எவ்வளவு காலத்துக்கு முந்திய காட்சி என்பது தெரியும்.

பீலி மண்ணின் பிராணிகளுக்கு வருவோம். இவற்றைச் சில்லுப் பிராணிகள் எனலாம். வெறும் கண்ணாடியில் உலர்த்தினால் இவை மீளவில்லை. சிறிது மணலோடு உலர்த்தினால் மீண்டன. மணல் இவற்றைப் போர்த்து, மெல்ல மெல்லக் காய விடுகிறது போலும். பதினொரு தடவைக்கு மேல் அவை தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மீள்பவை குறைந்துகொண்டே வந்தன. அதே மண்ணில் எட்டுக் காலும் கரடி போன்ற உடலும் கொண்டு மிக மெல்ல நடந்த வேறொரு பிராணியையும் கண்டார். அதன் மந்த நடைக்காக அதற்குத் தார்டிகிராடோ என்று பெயரிட்டார். மெதுவாய் நடப்பது என்பது அதன் பொருள். 1776இல் அவர் இட்ட பெயரையே உலகம் இன்றும் வழங்குகிறது. இப்பிராணிகள் உண்மையில் செத்து எழுந்தனவா, அல்லது உயிர் உள்ளே ஒடுங்கி இருந்ததா என்பது அக்காலத்தில் பெரிய விவாதம். ஆன்மாவைப் பற்றியே கேள்வி எழுப்பி வோல்தேயரும் இவருக்குக் கடிதம் எழுதினார். இன்றைய விஞ்ஞானிகள் அதை மரணம் என்று சொல்வதில்லை. உயிர்ச் செயல்கள் ஏறத்தாழ நின்றுபோன ஒரு ஒடுக்க நிலை என்கிறார்கள். நமது விசுவாசத்தின் உயிர்ப்புக்கு இதை அத்தாட்சியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

குருதி ஓட்டத்தையும் அவர் உயிருள்ள உடலிலேயே பார்த்தார். 1661இல் மல்பீகி தவளையின் நுரையீரலில், நாடிக்கும் நாளத்துக்கும் இடையே மயிர்த்துளைக் குழாய்கள் இருப்பதைக் கண்டிருந்தார். ஆனால் வெப்பக் குருதியுள்ள பிராணியில் அதைக் கண்டவர் இல்லை. 1771இல் ஸ்பலன்சானி அடைகாத்த கோழி முட்டையை எடுத்து, குஞ்சின் கருவைச் சுற்றிய சவ்வில் சூரிய ஒளியைப் பாய்ச்சி, குருதி நாடியிலிருந்து நாளத்துக்குப் போவதை வில்லையூடாகக் கண்டார். முட்டைக்குள் சிவப்பு நூல் போல் பரவிய அந்த வலையை வெறுங் கண்ணாலே கண்டிருப்பீர்கள். அதனுள் ஓடும் குருதியை, அந்தச் சிறு இருதயம் துடிக்கத் துடிக்க, உயிரோடு கண்ட முதற் கண் ஒரு குருவானவருடையது.

அவர் தவறாதவர் என்று சொல்ல வரவில்லை. முட்டைக்குள்ளேயே குஞ்சு முழுமையாய், மிகச் சிறிய உருவில், முன்னரே இருக்கிறது என்று அவர் நம்பினார். ஆண் தவளையின் விந்துநீரை வடிதாளால் வடித்து, வடிந்த நீருக்குக் கருவாக்கும் ஆற்றல் போய்விட்டதையும், தாளில் தங்கியதற்கு ஆற்றல் இருந்ததையும் தம் கையாலேயே காட்டினார். தாளில் தங்கியவை என்ன? நுணுக்குக்காட்டியில் அவர் நாள்தோறும் கண்ட நீந்தும் உயிரணுக்களே. எனினும் ஆற்றல் அவற்றினுடையது அன்று என்று எழுதிவிட்டார். விடை கண்ணெதிரே நீந்திக்கொண்டிருந்தது. பழைய எண்ணம் அதை மறைத்தது. அன்றியும், உயிருள்ள பிராணிகளின் மேல் அவர் செய்த பல பரிசோதனைகள் கொடியவை. வெளவால் இருளில் எப்படி வழி காண்கிறது என்று அறிய 1793இல் அவற்றின் கண்களை அகற்றினார். குருடான வெளவால்களும் தடங்கலின்றிப் பறந்தன. காதை அடைத்தபோதோ முட்டி விழுந்தன. காதால் எவ்வாறு வழி காணும் என்பது 1938இல்தான் அமெரிக்காவில் தெளிவாயிற்று. கண்டுபிடிப்புப் பெரிதுதான், அந்த வெளவால்களை நினைத்தால் மனம் கூசுகிறது.

மனிதர் விடயத்திலும் அவர் மென்மையானவர் அல்லர். பாவியாவில் பல்கலைக்கழக அரும்பொருட்காட்சிச்சாலை அவர் பொறுப்பில் இருந்தது. 1785இல் அவர் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு நீண்ட பயணம் போனார். அவர் இல்லாத வேளையில், காட்சிச்சாலைப் பொருட்களைத் திருடித் தம் ஊர் வீட்டில் வைத்திருக்கிறார் என்று உடன் பேராசிரியர் சிலர் குற்றஞ்சாட்டினர். குற்றச்சாட்டுக் கடிதங்கள் ஐரோப்பா எங்கும் பறந்தன. அவர் 1786 இறுதியில் திரும்பி வந்தார். விசாரணை நடந்தது, 1787இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பின் ஆணையினால் குற்றமற்றவர் எனத் தீர்ப்பானார். அத்தோடு விட்டிருக்கலாம். குற்றஞ்சாட்டியவருள் ஒருவரான ஸ்கோபோலி, ஒரு கோழியின் மூச்சுக் குழலைப் புதிய வகைக் குடற்புழு என்று நினைத்து நூலில் எழுதிவிட்டார். ஸ்பலன்சானி வேறொருவரின் பெயரில் கடிதங்கள் அச்சிட்டு அம்முதியவரை ஊர் சிரிக்கச் செய்தார். ஸ்கோபோலி 1788இல் இறந்தார். நீடாமிடம் அத்தனை பண்போடு நடந்த கை இப்படியும் எழுதியது. பலிபீடத்தில் நிற்கும் கை என்பதால் நமக்கு இது இன்னும் உறுத்துகிறது.

அதே 1788இல், அறுபது வயதை நெருங்கியவராய், வெசுவியஸ், ஸ்திரொம்போலி, எற்னா எரிமலைகளைப் பார்க்கப் புறப்பட்டார். விடுமுறை நாட்களில் ஸ்கண்டியானோவுக்குப் போவார். அங்கே அவருடைய சேகரிப்பைக் கவனித்துக் கொண்டவர் சகோதரி மரியானா. நெப்போலியனின் படைகள் 1796இல் வட இத்தாலிக்குள் புகுந்தன. பிரெஞ்சு ஆட்சியாளர் அவரைப் பாரிஸுக்குப் பேராசிரியராய் அழைத்தனர். வயதைக் காட்டி அவர் மறுத்தார். அவருக்கு அப்போது சிறுநீர்ப்பையில் நோயும் இருந்தது. 1799ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள், பின்னாளில் லூர்து அன்னையின் திருநாளாய் அமைந்த அதே நாளில், பாவியாவில் இறந்தார். வயது எழுபது.

கடைசி ஆண்டுகளில் அவர் நத்தை, புழு, பூச்சி முதலிய பிராணிகள் எப்படிச் சுவாசிக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். நுரையீரல் மட்டுமன்றி உடலின் எல்லாத் திசுக்களும் ஒட்சிசனை உள்ளெடுக்கின்றன என்பதற்கான குறிப்புகள் அவருடைய தாள்களில் இருந்தன. அவர் இறந்த பின்பு, நண்பரான ஜெனீவா நகர செனெபியே அத்தாள்களை ஒழுங்கு செய்து, பிரெஞ்சில் மொழிபெயர்த்து, 1803இல் நூலாய் வெளியிட்டார். செனெபியே கல்வின் சபையைச் சேர்ந்த ஒரு போதகர்.